திரும்பி வரும் தட்டு

கோயம்புத்தூர்

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊட்டச்சத்தும் உணவியலும் பி.எஸ்சி. முடிக்கப் போகிறாய். எடை குறைப்பு ஆலோசனை தரும் ஒரு நிறுவனம் இப்போதே வேலைக்குக் கூப்பிடுகிறது. வீட்டிலிருந்தபடி போனில் பேசினால் போதும், சம்பளமும் பரவாயில்லை. இன்னொரு பக்கம் எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிறகு மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி, அதன்பின் ஒரு தேர்வு, எல்லாம் முடிந்தாலும் சொற்பச் சம்பளத்தில் வார்டு வார்டாக நடக்கும் வேலை. "டயட் சார்ட் எழுதுவதற்கு இத்தனை படிப்பு வேண்டுமா அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். டயட் சார்ட் எழுதுவதுதான் இந்தத் தொழில் என்றால் உன் சந்தேகம் முழுக்க நியாயம். அச்சடித்த தாளை எடுத்து நீட்ட யாராலும் முடியும். ஆனால் தாளை நீட்டிய பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது. அதில் எழுதியது நோயாளியின் வயிற்றுக்குள் போனதா, எவ்வளவு போனது, போனது உடம்பை என்ன செய்தது, நாளைக்கு எதை மாற்ற வேண்டும் என்று பார்ப்பதுதான் டயட்டீஷியனின் தொழில். அதைக் கட்டிலருகில் நின்றுதான் கற்க முடியும். ஆகவே முதலில் மருத்துவமனைக்குப் போ என்பது என் கருத்து. வெறும் பெரியவர் வாக்காக இதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன், நீயே எடை போட்டுப் பார்.

மருத்துவமனை வார்டுக்குள் காலையில் உணவு வண்டி வருகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டுகள் திரும்பிப் போகின்றன. மூன்று இட்லியில் ஒன்று மட்டும் கிள்ளப்பட்டிருக்கும். சாம்பார் ஆடை கட்டியிருக்கும். பால் டம்ளர் மூடிய மூடியோடு அப்படியே இருக்கும். அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டில் காய்ச்சல் எத்தனை டிகிரி, ரத்த அழுத்தம் எவ்வளவு, சிறுநீர் எத்தனை மில்லி என்று எல்லாம் பதிவாகியிருக்கும். மிச்சமான இரண்டு இட்லி பெரும்பாலும் எங்கும் பதிவாகாது. சார்லஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் 1974-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. நோயாளியின் உயரத்தையும் எடையையும் குறிக்காமல் விடுவது, நாள்கணக்கில் குளுக்கோஸ், சலைன் பாட்டிலோடு நிறுத்திவிடுவது, பரிசோதனைக்காக வேளை வேளையாக உணவைத் தள்ளிப்போடுவது என்று, மருத்துவமனையே நோயாளியைப் பட்டினி போடும் வழிகளை அவர் வரிசைப்படுத்தினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பட்டியலில் பழையதாகிப்போனது அதிகமில்லை.

மிச்சமான தட்டு அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். 25 நாடுகளின் மருத்துவமனைகளில் 16,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் ஒரு நாளில் எவ்வளவு உண்டார்கள் என்று கணக்கெடுத்து, அடுத்த முப்பது நாள் அவர்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. கொடுத்ததில் கால் பங்கு மட்டும் உண்டவர்கள் இறக்கும் வாய்ப்பு, முழுதாக உண்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. உண்ண அனுமதி இருந்தும் ஒன்றுமே உண்ணாதவர்களுக்கு அது மூன்று மடங்கு. உடனே ஒரு மறுப்பு எழும்: நோய் முற்றியவருக்குப் பசிக்காது, அவர் இறப்பது நோயால், உண்ணாததால் இல்லை. சரியான மறுப்பு. அதற்குப் பதில் தேட வேண்டுமென்றால், உண்ண முடியாதவர்களை இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவைத் திட்டமிட்டு உண்ண வைத்துப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகள் அதைச் செய்தன. 2019-ல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. மற்றதில் ஒவ்வொருவருக்கும் எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் வேண்டும் என்று டயட்டீஷியன் கணக்கிட்டு, அந்த அளவை எட்ட வைக்க அன்றாடம் முயன்றார். முப்பது நாளில் வழக்கமான குழுவில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். உணவைக் கவனித்த குழுவில் ஏழு பேர். நூற்றுக்கு மூன்று உயிர். புதிய மருந்தோ அறுவை சிகிச்சையோ இதில் இல்லை. உணவு, அதன் அளவு, அதை விடாமல் கவனித்த ஓர் ஆள், அவ்வளவுதான். இப்படி ஒரு பலனை ஒரு மாத்திரை கொடுத்திருந்தால் அதன் பெயர் இன்று எல்லோர் வாயிலும் இருந்திருக்கும்.

இனி, அளவு என்பது எவ்வளவு நுணுக்கமானது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று வை. டயாலிசிஸுக்கு வரும் முன்பு, சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்க, பருப்பையும் முட்டையையும் கறியையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கட்டத்துக்கு அது சரி. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ரத்தத்திலிருந்து அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுவதால், இப்போது அவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, அதாவது நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். பழைய தாளோ இன்னும் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. காலையில் மூன்று இட்லி, ஆறேழு கிராம். மதியம் சோறு, ரசம், ஒரு பொரியல், ஏழெட்டு கிராம். இரவு இரண்டு தோசை, ஐந்து கிராம். இரு வேளைக் காபியில் சேரும் பாலையும் கூட்டினால்கூட முப்பதைத் தொடவில்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் தோளும் தொடையும் வற்றிவிடும். டயாலிசிஸ் என்றால் இளைக்கத்தான் செய்யும் என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு ஏழு கிராம் தரும். சைவம் என்றால் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பருப்பையும் தயிரையும் பங்கிட வேண்டும். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் கணிசமாக இறங்கும். ஆனால் நம் வீடுகளில் சத்து வீணாகக் கூடாதென்று அந்த வடித்த தண்ணீரை ரசத்தில் ஊற்றிவிடுவார்கள். மற்ற எல்லோருக்கும் நல்ல பழக்கம், இவருக்கு மட்டும் ஆபத்து. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று கடையிலிருந்து குறைந்த சோடிய உப்பு வாங்கி வந்திருப்பார்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்த்திருப்பது பொட்டாசியம். கோடைக்கு இதமாக ஓர் இளநீரும் குடித்திருப்பார். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இந்த வீட்டில் ரசம் எப்படி வைக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவர்தான் இவருக்கு டயட்டீஷியன்.

உணவு தவறினால் அதிகம் போனால் பலன் கிடைக்காது, தீங்கு வராது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்க ஒரு நிலைமையைச் சொன்னால் போதும். பத்து நாளாக எதுவும் சரியாக உண்ணாமல் எலும்பும் தோலுமாக வந்து சேரும் ஒருவருக்கு, பாவம் பசியோடு வந்திருக்கிறார் என்று முதல் நாளே முழு அளவு உணவு கொடுத்தால் அவர் இறந்துபோகலாம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கிறது. ஏற்கெனவே வறண்டுபோயிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் ஓடிவிடுகின்றன. இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறுகின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினி கிடந்த கைதிகளை மீட்டு உணவு கொடுத்தபோது உலகம் இதைத் துயரத்தோடு கற்றது. அதனால்தான் இப்படிப்பட்டவருக்கு முதலில் தயாமின் என்ற வைட்டமினைக் கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து, நான்கு முதல் ஏழு நாளில் மெல்ல மெல்ல ஏற்றுகிறோம். பாசத்தோடு ஊட்டும் கைக்கும் இங்கே அளவு தெரிந்திருக்க வேண்டும். உணவுக்கும் மருந்தைப் போலவே டோஸ் உண்டு என்பதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஒரு நோயாளியின் பாஸ்பேட் அளவு இறங்கியதைப் பார்த்து அன்றைய கஞ்சியின் அளவை நீயே குறைக்கும்போதுதான் அது உனக்குள் பதியும்.

நீ கேட்கக்கூடும்: நான் போகப்போவது எடை குறைக்க விரும்பும் ஆரோக்கியமானவர்களிடம்தானே, நோய் வருமுன் காப்பது நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நாட்டின் சராசரி 11.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 14.4. அந்த வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று கிடைத்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். தனிக் கவனிப்பு பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்யத் தொடர்ந்து உதவி பெற்றவர்களில் அது 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களில் 40.5. உணவும் நடையும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. இந்த வேலைக்கு நீ போவதை நான் தடுக்கவில்லை, அதற்கு முன் வார்டைப் பார்த்துவிட்டுப் போ என்கிறேன். ஏனென்றால் போனில் பேசுகிறவர் ஆரோக்கியமானவர் என்று யார் சொன்னது? எடை குறைய வேண்டும் என்று கேட்பவர் சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்குக் கீட்டோ டயட்டை எழுதிக் கொடுத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகி அவர் ஐசியூவில் படுக்க நேரலாம். இன்சுலினோ கிளிமெப்பிரைடோ எடுப்பவரை இரவு உணவைத் தவிர்க்கச் சொன்னால் அதிகாலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். இந்தக் கேள்விகளெல்லாம் நோயைக் கண்ணால் கண்டவருக்குத்தான் தானாக வாயில் வரும்.

உங்கள் வீட்டிலேயே எழும் மறுப்பு ஒன்று உண்டு: நம் பாட்டிகளுக்குத் தெரியாத பத்தியமா? இதை அலட்சியமாகத் தள்ளிவிடாதே; பாதி உண்மை அதில் இருக்கிறது. இந்தியாவின் ஊட்டச்சத்து அறிவியல் நம் நீலகிரியில்தான் பிறந்தது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன், தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய அந்த ஆய்வுக்கூடம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மில்லில் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியவர்களை வாட்டிய பெரிபெரி, புழுங்கலரிசி உண்டவர்களைப் பெரும்பாலும் தொடவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. தயாமின் என்ற சொல்லே தெரியாமல் நம் பெண்கள் அதைக் காப்பாற்றி வந்தார்கள். அதே பாட்டிதான் மஞ்சள் காமாலைக்காரருக்கு எண்ணெயையும் உப்பையும் நிறுத்தி வாரக்கணக்கில் வெறும் கஞ்சி கொடுத்தாள். கல்லீரல் தேற வேண்டிய நேரத்தில் உடம்பை வற்ற வைத்த பத்தியம் அது. ஒரே அடுப்பிலிருந்து வந்த இரண்டு வழக்கங்களில் ஒன்று காத்தது, ஒன்று கெடுத்தது. எது எதுவென்று பிரிக்க அளந்து பார்க்க வேண்டியிருந்தது. குன்னூரில் இருந்தபடி ஐக்ராய்ட் என்ற ஆய்வாளர் 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதே மரபில் வளர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தலைவரானார். 2017-ல் 528 உணவுகளோடு வந்த அட்டவணைதான் இன்று உன் மேசையில் இருப்பது. பாட்டியின் அனுபவத்தை மதித்துச் சோதிப்பவர்களின் வரிசை இது. நீயும் அதில் சேரத்தான் போகிறாய்.

அறிவியல் மட்டும் என்ன, இன்று ஒன்று சொல்லி நாளை மாற்றிச் சொல்கிறதே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். கல்லீரல் சுருங்கிய நோயாளி குழப்பத்தில் ஆழ்ந்தால் புரதத்தை வெட்டு என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். 2004-ல் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு, வெட்டியதால் நன்மை ஏதும் இல்லை என்று காட்டியது. இன்றைய வழிகாட்டுதல் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை கொடு என்கிறது. படுக்கும் முன் ஒரு சிற்றுண்டியும் கொடுக்கச் சொல்கிறது. சுருங்கிய கல்லீரலில் சேமிப்பு இல்லாததால், நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி செய்வதை அவருக்கு ஓர் இரவு செய்துவிடும். பழைய அறிவுரை தவறு என்று கண்டுபிடித்ததும் அதே அறிவியல்தான். இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அவநம்பிக்கையை இல்லை, கடமையை. பத்து வருடத்துக்கு முன் அச்சடித்த தாளை இன்றும் நீட்டும் டயட்டீஷியன் தீங்கு செய்யலாம். படிப்பு முடிந்தது என்று புத்தகத்தை மூட இந்தத் தொழிலில் ஒரு நாளும் வராது.

ஏழைக்கு இதெல்லாம் எதற்கு, வாங்கக் காசில்லாதவரிடம் புரதக் கணக்கு சொல்லி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு மிக நெருக்கமான கேள்வி இது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். உதவி பெற்ற குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, நுண்சத்து மாத்திரைகள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நம் நியாயவிலைக் கடையில் கிடைக்கும் அதே அரிசியும் பருப்பும்தான். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், புதிதாகக் கண்டறியப்படும் நோயாளியின் உயரத்தையும் எடையையும் முதலிலேயே அளந்து, மிக மெலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழி செய்கிறது. ஒரு எடை மெஷினும் ஒரு கணக்கும் அங்கே உயிரைக் காக்கும் கருவிகள். கையில் காசு குறையக் குறைய, கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் எந்த உணவில் போடுவது என்று சொல்லத் தெரிந்தவரின் தேவை கூடும். பாதாமையும் வெண்ணெய்ப்பழத்தையும் எழுதித் தருபவரால் அவருக்கு ஒரு உபயோகமும் இல்லை. பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முட்டை, நெத்திலி, முருங்கைக்கீரை, சத்துணவு மையத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும் முட்டை என்று அவர் கைக்கு எட்டுவதைக் கொண்டு கணக்கை நேர்செய்ய உனக்குத் தெரிய வேண்டும்.

சம்பளத்தைப் பற்றியும் மரியாதையைப் பற்றியும் நீ எழுதியதை நான் மறந்துவிடவில்லை. தொடக்கச் சம்பளம் குறைவுதான். அரசு மருத்துவமனைகளில் டயட்டீஷியன் பணியிடங்கள் குறைவுதான். சில இடங்களில் டயட்டீஷியனைக் கேன்டீன் மேற்பார்வையாளராக மட்டுமே வைத்திருக்கிறார்கள். ரவுண்ட்ஸில் மருத்துவர் உன் குறிப்பைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டும் நாளும் வரும். இவற்றை மறைத்து உன்னை அழைத்தால் நான் உனக்கு நல்லது செய்தவள் ஆகமாட்டேன். எம்பிபிஎஸ் கிடைக்காததால் எடுத்த படிப்புதானே, பெண்களின் சமையல் படிப்புதானே என்று பேசுபவர்களையும் சந்திப்பாய். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. எண்களோடு பேசு. "நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை, டாக்டர்" என்றால் கேட்டுவிட்டுக் கடந்துபோவார்கள். "இவருக்கு 1,700 கலோரி வேண்டும், மூன்று நாளாக 600-தான் உள்ளே போயிருக்கிறது, வந்ததிலிருந்து இரண்டு கிலோ இறங்கியிருக்கிறார், டியூப் வைத்து ஊட்டலாமா?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் நின்று பதில் சொல்வார். நீ கொண்டுவரும் தகவல் வேறு யாரிடமும் கிடைக்காதபோது மரியாதை தானாக வரும். பணம் மெதுவாகத்தான் வரும், ஆனால் வழிகள் உண்டு. சிறுநீரகம், புற்றுநோய், ஐசியூ, குழந்தைகள் என்று ஒரு துறையில் கை தேர்ந்தவரை மருத்துவமனைகள் தேடுகின்றன. வீட்டுச் சூழல் உடனடி வருமானத்தைக் கட்டாயமாக்கினால், அந்த நிறுவனத்தில் ஓராண்டு உழைத்து எம்.எஸ்சி.க்குப் பணம் சேர். அதில் தவறில்லை. அங்கேயே தங்கிவிடாதே என்பதுதான் என் கவலை.

செல்போன் செயலியே கலோரி கணக்கிட்டு டயட் சார்ட் எழுதித் தரும் காலத்தில் ஆள் எதற்கு என்றும் கேட்டிருக்கிறாய். பெருக்கல் கூட்டலை அது செய்யட்டும், நமக்கு நேரம் மிச்சம். ஆனால் "சாப்பிட்டேன்" என்று நோயாளி சொல்லும்போது அது ஒரு குழிக்கரண்டிச் சோறா, மூன்றா என்று டம்ளரையும் கரண்டியையும் காட்டிக் கேட்க வேண்டும். பல்செட் கழன்றுபோனதால்தான் கடித்துத் தின்பதை நிறுத்தினார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ரம்ஜான் நோன்பை விடமாட்டேன் என்கிறவருக்கும் சஷ்டி விரதம் இருப்பவருக்கும், மருத்துவரோடு பேசி மருந்து நேரத்தையும் உணவு நேரத்தையும் பொருத்திக் கொடுக்க வேண்டும். இது முடியாது, ஆபத்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் அன்பாகச் சொல்லவும் வேண்டும். பிழை நேர்ந்தால் பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டும். செயலியால் எளிதில் நிரப்ப முடிகிற வேலை, நான் தொடக்கத்தில் சொன்ன அச்சடித்த தாள் வேலைதான். அதையே உன் பிழைப்பாக்கிக்கொண்டால் உன் இடம் பறிபோகும் என்பதையும் யோசி.

இனி வழியைச் சொல்கிறேன். மருத்துவமனையோடு இணைந்த, வார்டுப் பயிற்சி தரும் எம்.எஸ்சி.யைத் தேர்ந்தெடு. கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதே. மாணவிகள் வாரத்தில் எத்தனை நாள் நோயாளியைப் பார்க்கிறார்கள் என்று விசாரி. இத்துறையில் தொலைதூர, இணையவழிப் பட்டங்களுக்கு 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்திருக்கிறது. குறுக்கு வழி காட்டும் விளம்பரங்களை நம்பாதே. எம்.எஸ்சி.க்குப் பின் ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியை முடித்து, 1963-ல் தொடங்கிய இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வை எழுது. 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், டயட்டீஷியனையும் ஊட்டச்சத்து நிபுணரையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் நிலை இனி நெடுநாள் நீடிக்காது. முறையாகப் படித்தவருக்கே அதனால் பலம். படிக்கும்போதே சமையலறையில் நின்று அளந்து பழகு. உன் வீட்டு இட்லி எத்தனை கிராம், ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு என்று தெரியாமல் பிறர் உணவைக் கணக்கிட முடியாது. இரண்டு உறுதிகளையும் இப்போதே எடுத்துக்கொள். கமிஷனுக்காக எந்தச் சத்துமாவையும் நோயாளியின் தலையில் கட்டாதே. மருத்துவர் எழுதிய மருந்தை உணவைக் காட்டி நிறுத்தச் சொல்லாதே. நம் தொழிலின் பெயரைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

நான் சொன்ன சான்றுகளைத் திருப்பிப் பார். சுவிஸ் மருத்துவமனைகளிலும் சென்னையிலும் ஜார்க்கண்டிலும் பலன் கொடுத்தது ஏதோ ஓர் அபூர்வ உணவு இல்லை. சரியான அளவு அங்கிருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரோ விடாமல் பார்த்தார்கள். அந்த யாரோ ஒருவராக நீ ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பயிற்சிக்காக வார்டுக்குள் நுழையும் முதல் நாள், உணவு வண்டி வரும் நேரத்தோடு நின்றுவிடாதே, தட்டுகள் திரும்பும் நேரம் வரை இரு. மூன்று இட்லியில் எத்தனை மிச்சம் என்று நோட்டில் எழுது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரருகில் உட்கார்ந்து, ஏன் என்று கேள். வாய்ப்புண்ணா, நாக்குக் கசப்பா, ஊசிக்குப் பின் குமட்டலா, வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்ற நினைப்பா என்று அவர் சொல்லட்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உன் முதல் டயட் சார்ட்டை எழுது.

யோசித்து முடிவு செய். எந்த முடிவானாலும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை